யார் தீர்மானித்தது?



இவ்வாரத் தியானப் பகுதி: ஆதியாகமம் 24:50-60.

இந்த வாரம் ஓர் ஆங்கிலச் சொல்லை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஆங்கிலச் சொல் என்று நான் அதை அழைத்தாலும், நம் சிவகிரியில் அது எப்போதோ தமிழாகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவனிடம் மேற்படிப்பைப் பற்றிக் கேட்டால், “இன்னும் டிசைட் பண்ணலை ஐயா” என்கிறான். எலுமிச்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விடலாமா, தாமே பார்க்கலாமா என்று யோசிக்கும் பெரியவர், “பையனைக் கேட்டுத்தான் டிசைட் பண்ணணும்” என்கிறார். ஒரு வார்த்தை ஆங்கிலம் எழுதத் தெரியாத தாய்மார்களும் இந்தச் சொல்லை இயல்பாகச் சொல்கிறார்கள். தினமும் நம் வாயில் புரளும் சொல்லின் பொருளை ஒருமுறையாவது நின்று கவனிப்பது நல்லதல்லவா?

இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில்தான் இச்சொல்லின் வேரை நான் அறிந்தேன். ‘டிசைட்’ என்பது லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அதன் மூலச் சொல்லுக்கு ‘வெட்டி நீக்குதல்’ என்று பொருள். பூச்சிமருந்துக் கடைப் பலகையில் நாம் பார்க்கிற ‘பெஸ்டிசைட்’ என்ற சொல்லின் பின்பாதியும் அதே வேரில் பிறந்ததுதான். அங்கே அதற்குக் கொல்லுதல் என்று பொருள். அறுவை மருத்துவர் போடும் ‘இன்சிஷன்’, தையற்காரர் கையிலிருக்கும் ‘சிசர்ஸ்’ எல்லாம் ஒரே குடும்பம். அப்படியானால் ஒன்றை டிசைட் செய்வது என்பது, அந்த ஒன்றைத் தவிர மற்றவற்றை வெட்டிவிடுவது. கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் நம் பிள்ளைகள் ‘கட்-ஆஃப்’ என்று சொல்லிச் சொல்லிக் கவலைப்படுகிறார்களே, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இது வெளிநாட்டாரின் கற்பனை என்று எண்ணிவிட வேண்டாம். நம் தமிழும் இதையே சொல்கிறது. ‘துணித்தல்’ என்றால் வெட்டுதல். வெட்டி எடுக்கப்பட்டது ‘துண்டு’. தறியிலிருந்து அறுத்து எடுத்தது ‘துணி’. விசைத்தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த சங்கரன்கோவில் வட்டாரத்தாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அதே வேரிலிருந்து பிறந்ததுதான் ‘துணிதல்’. அதற்கு முடிவு செய்தல் என்றும் பொருள். அஞ்சாமல் இறங்குதல் என்றும் பொருள். திருவள்ளுவர் 467ஆம் குறளில் இச்சொல்லைத்தான் எடுத்தாளுகிறார். ஆராய்வதெல்லாம் துணிவதற்கு முன்பே நடக்க வேண்டும் என்பது அங்கே அவர் தரும் அறிவுரை. பாவிலிருந்து அறுத்த துணியை மறுபடியும் பாவோடு சேர்க்க முடியாது என்பதை அறிந்த சமுதாயத்தின் சொல் அது. ‘அறுதியிடுதல்’ என்கிறோம், அதிலும் அறுப்பு இருக்கிறது. ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டு’ என்று பேசுகிறவரை நாம் எல்லாரும் அறிவோம்.

எபிரெய மொழியிலும் அப்படியே. யோவேல் 3:14இல் வரும் பள்ளத்தாக்கை ஆங்கில வேதாகமங்கள் ‘டிசிஷன்’ பள்ளத்தாக்கு என்கின்றன. அங்குள்ள எபிரெயச் சொல்லின் வேருக்கும் வெட்டுதல் என்றே பொருள். எழுப்புதல் கூட்டங்களில் அந்த வசனத்தை வாசித்து, “இன்றைக்கு நீ தீர்மானம் எடு” என்று ஜனங்களை அழைப்பதுண்டு. ஆனால் அந்த வசனத்தில் தீர்மானிக்கிறவர் மனிதர் அல்லர், கர்த்தர். நம் தமிழ் வேதாகமம் அதை நியாயத்தீர்ப்பு என்று மொழிபெயர்த்திருப்பது மிகவும் பொருத்தமானது. ‘யார் தீர்மானிக்கிறார்’ என்ற கேள்வியை மறந்தால், ஒரு வேதவசனத்தையே தலைகீழாக வாசித்துவிடுவோம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அன்பானவர்களே, இந்தக் கேள்வியைத்தான் ஒரு நாள் ஓர் இளம்பெண் என்னிடம் கேட்டாள். அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்த வாரம் எழுதுகிறேன். அவளுடைய சம்மதத்தைப் பெற்றே எழுதுகிறேன். ஊரையும் அடையாளங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு சேகரத்தில் நான் ஊழியம் செய்துகொண்டிருந்த காலம். அந்தக் குடும்பம் ஆலயத்துக்கு முதலில் வந்து கடைசியில் போகும் குடும்பம். மூத்த மகள் நர்சிங் படிப்பை முடித்து, தொலைவிலுள்ள ஒரு மருத்துவமனையில் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். அதே வாரத்தில் அவளுக்குத் திருமணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை அத்தை மகன். நல்ல பையன், குடிப்பழக்கம் இல்லை, சொந்த ஊரில் தொழில். நிச்சயத்தன்று நான்தான் ஜெபித்தேன். அடுத்த ஞாயிறு ஆராதனையில் நானே முதல் ஓலையை வாசித்தேன். சபையார் மகிழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன்.

திங்கட்கிழமை மாலையில் அந்தப் பெண் குருமனைக்கு வந்தாள். என் மனைவி தேநீர் கொடுத்தார். அதை அவள் குடிக்கவில்லை. வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

“ஐயா, வீட்ல எல்லாரும் டிசைட் பண்ணியாச்சுன்னு சொல்றாங்க. யார் டிசைட் பண்ணினது?”

“ஏன் அம்மா, உனக்குப் பிடிக்கவில்லையா?” என்றேன்.

“பிடிக்கலைன்னு சொல்ல வரலை ஐயா. என்கிட்ட கேக்கலைன்னு சொல்ல வந்தேன்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பெரியவர்கள் உன் நன்மைக்குத்தான் செய்வார்கள். கர்த்தர் நடத்துவார். ஜெபம் பண்ணுவோம்” என்று சொல்லி, ஒரு சிறு ஜெபம் செய்து அனுப்பிவிட்டேன். அவள் ஆமென் சொன்னாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அந்த ஜெபத்தை நான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அதில் தவறான வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனாலும் அது ஒரு கதவைச் சாத்தும் ஜெபம்.

நம் பேச்சை நாம் கவனிப்பதில்லை. ஆங்கிலத்தில் டிசைட் என்றால் அதற்கு முன்னால் பெரும்பாலும் ஓர் எழுவாய் வர வேண்டும். நான், நீ, அவர்கள் என்று யாராவது ஒருவர் அந்த வாக்கியத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். நம்மிடமோ ‘முடிவாயிட்டு’, ‘பேசி முடிச்சாச்சு’, ‘டிசைட் பண்ணியாச்சு’ என்ற வாக்கியங்கள் இருக்கின்றன. செய்தவர் அங்கே இல்லை; செயல் மட்டும் நிற்கிறது. மழை பெய்தாயிற்று என்பதுபோல், ஒரு பெண்ணின் வாழ்க்கையும் முடிவாயிற்று. யாரிடம் போய்க் கேட்பது? அப்பா, “அத்தை ஆசைப்பட்டாள்” என்பார். அத்தை, “அண்ணன் வாக்குக் கொடுத்தார்” என்பார். போதகரோ, “கர்த்தர் நடத்துவார்” என்பார். ஆங்கிலத்திலும் செயப்பாட்டு வினையில் ஒளிந்துகொள்ளலாம். அலுவலகக் கடிதங்கள் அப்படித்தான் எழுதப்படுகின்றன. ஆகவே குற்றம் மொழியினுடையது அன்று. ஒளிந்துகொள்ள இடம் தேடும் நம் உள்ளத்தினுடையது.

அந்த வாரம் வியாழக்கிழமை ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தைத் தியானிக்க வேண்டியிருந்தது. ஈசாக்குக்குப் பெண் பார்க்கும் அதிகாரம். எத்தனையோ திருமண ஆராதனைகளில் நான் பிரசங்கித்த பகுதி. அன்று ஆயத்தப்படுத்தும்போதுதான் சில காரியங்கள் என் கண்ணில் பட்டன.

முதலாவது, ஆபிரகாமின் ஊழியக்காரன் புறப்படும் முன்பே கேட்கிறான்: அந்தப் பெண் என்னோடு வர மனதில்லாதிருந்தால் என்ன செய்வது? ஆபிரகாம் கோபப்படவில்லை. அவளுக்கு மனதில்லாவிட்டால் நீ இந்த ஆணையிலிருந்து விடுபட்டிருப்பாய் என்கிறார் (வசனங்கள் 5-8). வாக்குத்தத்தத்தின் பிள்ளைக்கு நடக்கும் திருமணம் அது. சந்ததியெல்லாம் அதைச் சார்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட திருமணத்திலும், ‘இல்லை’ என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு இடம் வைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, லாபானும் பெத்துவேலும் இந்தக் காரியம் கர்த்தரால் வந்தது என்று சொல்லி, ரெபெக்காளை அழைத்துப் போகும்படி உடனே சம்மதித்துவிடுகிறார்கள் (வசனங்கள் 50-51). நாம் சொல்வதுபோல், ‘முடிவாயிட்டு’. அதிகாரம் அங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை. மறுநாள் காலையில் பயணத்தைப் பற்றிப் பேச்சு எழும்போது, பெண்ணை அழைத்து அவள் வாயால் கேட்போம் என்கிறார்கள். எபிரெயத்தில் ‘அவளுடைய வாயைக் கேட்போம்’ என்றே இருக்கிறது. இந்த மனிதனோடு போகிறாயா என்று கேட்கிறார்கள். அவள் ஒரே ஒரு சொல்லில் பதில் சொல்கிறாள். எபிரெயத்திலும் ஒரு சொல். தமிழிலும் ஒரு சொல். அந்த நீண்ட அதிகாரத்தில் முடிவெடுக்கும் சொல் ஒன்று உண்டென்றால், அது அவள் வாயிலிருந்து வந்த சொல்.

அவர்கள் கேட்டது புறப்படும் நாளைப் பற்றித்தான், திருமணத்தைப் பற்றி அன்று என்று ஒருவர் வாதாடலாம். வசனத்தின் ஓட்டத்தைப் பார்த்தால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத வேத விளக்கவுரையாளர் ராஷி, இந்த வசனத்திலிருந்தே, பெண்ணை அவளுடைய சம்மதம் இல்லாமல் திருமணம் செய்துகொடுக்கலாகாது என்று நாம் கற்றுக்கொள்கிறோம் என எழுதிவைத்தார். ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மனிதருக்குப் புரிந்தது, இறையியல் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் ஓலை வாசித்த எனக்குப் புரியவில்லை.

நம் திருமண ஆராதனையிலும் மணமகளிடம் தனியாகச் சம்மதம் கேட்கிறோம். உண்மைதான். ஆனால் பந்தல் போட்டு, சமையல் இறங்கி, ஐந்நூறு பேர் புதுத்துணி உடுத்தி அமர்ந்திருக்கும்போது கேட்கப்படும் கேள்வி அது. ‘ஆம்’ என்ற ஒரே பதிலுக்கு மட்டும் இடம் வைத்துக் கேட்பது கேள்வியாகுமா?

மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குப் போனேன். தகப்பனார் வரவேற்று நாற்காலி போட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. “ஓலை வாசிச்சாச்சே ஐயா” என்றார். “வாசித்தவன் நான்தான். கேட்காமல் வாசித்தது என் தவறு. இரண்டாம் ஓலைக்கு முன் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்போம்” என்றேன்.

அந்தத் தகப்பனாரைக் கொடியவராக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள். படிப்புக்கு வாங்கிய கடன் பாக்கி இருந்தது. வெளியூரில் தனியாக இருக்கும் மகளைப் பற்றிய பயம் இருந்தது. வரதட்சணை கேட்காத தங்கை வீடு ஒன்று இருந்தது. அவர் தம் மகளை வெட்டிவிட நினைக்கவில்லை. பத்திரமாக ஓரிடத்தில் சேர்க்க நினைத்தார். அன்பினால் செய்கிறோம் என்ற நம்பிக்கைதான், கேட்க வேண்டியதைக் கேட்காமல் போவதற்கு நமக்குக் கிடைக்கும் மிக வசதியான காரணம். எனக்கும் பிள்ளைகள் உண்டு. இதை அறிந்தே சொல்கிறேன்.

மகளைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து நின்றாள். தகப்பனாரே கேட்டார், குரல் நடுங்கியது. அவள் சொன்னாள்: “மச்சான் நல்லவங்கதான்பா. இரண்டு வருஷம் வேலை பார்த்துட்டு வாரேன். அதுக்குப் பிறகு சொல்றேன்.”

மாப்பிள்ளை வீட்டாரால் காத்திருக்க முடியவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தகப்பனார் ஏறக்குறைய ஓராண்டு திருவிருந்துக்கு வரவில்லை. ‘கல்யாணத்தைக் கலைத்த ஐயா’ என்ற பெயர் எனக்கும் கிடைத்தது. வேலைக்குப் புறப்படும் முன் அந்தப் பெண் ஜெபிக்க வந்தாள். மகிழ்ச்சியாக இருப்பாள் என்று எண்ணினேன். அவள் அழுதாள். “இப்போ நான்தான் டிசைட் பண்ணினேன் ஐயா. அதனாலதான் பயமா இருக்கு” என்றாள்.

அன்பானவர்களே, டிசைட் என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருளைவிட அவள் சொன்ன பொருளே எனக்கு ஆழமாகத் தெரிகிறது. தீர்மானித்தல் என்றால் வெட்டுதல். வெட்டினால் இரத்தம் வரும். அந்த இரத்தத்துக்கு நான் பொறுப்பு என்று சொல்லுதல். மற்றவர்கள் நமக்காகத் தீர்மானிக்கும்போது, பின்னாளில் அவர்களைக் குற்றம் சொல்லும் வசதியாவது நமக்கு உண்டு. நாமே தீர்மானிக்கும்போது அந்த வசதியும் வெட்டுப்படுகிறது.

நம் சபைகளில் அடிக்கடி சொல்லப்படும் சாட்சி ஒன்று உண்டு. 1890களின் தொடக்கத்தில், திண்டிவனத்தில் அமெரிக்க மிஷனெரி மருத்துவர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, நோயுற்ற தாயைக் கவனிக்க வந்திருந்தார். மிஷனெரி வாழ்க்கை வேண்டாம் என்பது அவருடைய அப்போதைய தீர்மானம். ஓர் இரவில், ஒருவர் பின் ஒருவராக மூன்று மனிதர் வந்தார்கள்: ஒரு பிராமணர், ஓர் இஸ்லாமியர், மற்றொரு இந்து. மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். நான் மருத்துவர் அல்ல, என் தகப்பனார் வருவார் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் எங்கள் பெண்களைத் தொடக்கூடாது என்று மறுத்து மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்தார். வேலூரில் ஒரு சிறிய அறையில் தொடங்கிய அந்த ஊழியம், 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியாகவும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்து, இன்று நாம் அறிந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது.

இந்தச் சாட்சியை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஐடா அம்மையாரின் தீர்மானத்தைப் புகழ்ந்திருக்கிறேன். ஆனால் அந்த இரவில் இன்னொரு தீர்மானமும் எடுக்கப்பட்டதே! ஆண் மருத்துவர் வேண்டாம் என்று தீர்மானித்தவர்கள் வாசலில் நின்ற கணவன்மார். வலியில் கிடந்த மூன்று பெண்களிடம் யாராவது போய், ‘நீ என்ன சொல்கிறாய்?’ என்று கேட்டார்களா? கேட்டதாக அந்தச் சாட்சியில் இல்லை. அவர்கள் என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. வழக்கம் தீர்மானித்தது, உயிர்கள் போயின. குருமனைக்கு வந்த அந்தப் பெண்ணுக்குப் பிறகுதான், இந்தச் சாட்சியின் இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் நானே தீர்மானிப்பேன், பெற்றோரும் சபையும் ஆலோசனையும் வேண்டாம் என்பதா? இல்லை. திருமறை அப்படிப் போதிக்கவில்லை. ஆலோசனைக்காரர் அநேகர் இருந்தால் நன்மை என்று நீதிமொழிகள் கற்பிக்கிறது. அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில், புறஜாதியாரைப் பற்றிய பெரிய கேள்வியை எருசலேம் சபை கூடிப் பேசித்தான் முடிவுசெய்தது. ஆனால் அந்த முடிவை அவர்கள் எழுதும் விதத்தைப் பாருங்கள். ‘முடிவாகிவிட்டது’ என்று எழுதவில்லை. பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று எழுதுகிறார்கள் (15:28). ஆவியானவரின் பெயரைச் சொன்னவர்கள், ‘எங்களுக்கும்’ என்று தங்கள் பொறுப்பையும் சேர்த்துச் சொன்னார்கள். கர்த்தருடைய சித்தம் என்ற திரைக்குப் பின்னால் அவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை.

ஒளிந்துகொண்ட ஒருவரும் திருமறையில் உண்டு. இயேசுவை விடுதலையாக்கப் பிலாத்து தீர்மானித்திருந்தான் என்று அப்போஸ்தலர் 3:13 சொல்கிறது. ஆம், சரியான தீர்மானத்தை அவன் எடுத்துவிட்டான்! ஆனால் அதற்காக வெட்ட வேண்டியதை அவன் வெட்டவில்லை. பதவியை வெட்டத் துணியவில்லை. கூட்டத்தின் தயவை வெட்டத் துணியவில்லை. ஆகவே தண்ணீரை எடுத்துக் கையைக் கழுவினான். உள்ளத்தில் எடுத்த தீர்மானம் கையில் இறங்காவிட்டால், அது இப்படித்தான் தண்ணீரில் போய் முடியும். வாலிபர் முகாம்களில் ஆண்டுதோறும் அதே கைகள் உயர்வதையும், அதே தீர்மான அட்டைகள் நிரப்பப்படுவதையும் நான் பார்த்திருக்கிறேன். கை உயர்த்துவது எளிது. கவாத்துக் கத்தியை எடுப்பதுதான் கடினம். எலுமிச்சை வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள்: பச்சையாய்ச் செழித்து நிற்கும் நீர்ப்போத்தை வெட்ட மனம் வராது, வெட்டாவிட்டால் மரத்தின் சத்தெல்லாம் அதற்கே போய்விடும்.

இன்னும் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கிறேன். திடப்படுத்தல் வகுப்பில் ஒரு சிறுவனிடம் யோவான் 15:16ஐ வாசிக்கச் சொன்னேன். நம் வேதாகமத்தில் அங்கே ‘தெரிந்துகொள்ளுதல்’ என்ற சொல் வருகிறது. அவன் வாசித்துவிட்டு, “சீஷர்களுக்கு இயேசுவைத் தெரியாதா ஐயா? மூணு வருஷம் கூடவே இருந்தாங்களே!” என்று கேட்டான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். தெரிந்துகொள்ளுதல் என்பதற்கு இன்று அறிந்துகொள்ளுதல் என்று பொருள் கொள்கிறோம். பழைய தமிழில் ‘தெரிதல்’ என்றால் ஆராய்ந்து தேர்ந்தெடுத்தல். நம் முன்னோரான மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பொருளில்தான் அதை எழுதினார்கள். ஆனால் அந்தச் சிறுவனின் குழப்பத்தில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. ஆண்டவர் நம்மைத் தேர்ந்தெடுத்தபோது, நம்மை முழுவதும் அறிந்தே தேர்ந்தெடுத்தார். அறியாமல் எடுக்கும் முடிவு தெரிந்துகொள்ளுதல் ஆகாது.

அவர் நம்மைத் தீர்மானித்த விதத்தையும் பாருங்கள். நாசரேத்தூர் கன்னிகையிடம் தூதனை அனுப்பினார். சர்வவல்லவர் கேட்காமலே செய்திருக்கலாம். ஆனால் அவள் கேள்வி கேட்கும்வரை தூதன் நின்றான். அவள் சம்மதத்தைச் சொன்ன பிறகே அவளை விட்டுப் போனான் (லூக்கா 1:34-38). கெத்செமனேயிலோ குமாரனானவர் தம் சித்தத்தைப் பிதாவின் முன் வைத்தார். வேண்டாம் என்ற தம் ஏக்கத்தை மறைக்காமல் சொன்னார். பிறகு தாமாகவே அதை ஒப்புக்கொடுத்தார். யாரும் அவருக்காகத் தீர்மானிக்கவில்லை. வெட்டப்பட்டதும் அவர்தாமே, அந்த வெட்டுக்குப் பொறுப்பேற்றவரும் அவர்தாமே.

அந்தப் பெண்ணின் தகப்பனார் பின்பு ஒரு பெரிய வெள்ளியன்று ஆலயத்துக்கு வந்தார். கடைசி வரிசையில் அமர்ந்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. தங்கை வீட்டோடு இன்றும் முழுமையாகச் சரியாகவில்லை என்று கேள்விப்படுகிறேன். நான் அதற்காக ஜெபிக்கிறேன். நன்மையான தீர்மானத்துக்கும் தழும்பு உண்டு. அவருடைய இளைய மகளுக்குத் திருமணம் பேசியபோது அவரே என்னிடம் தொலைபேசியில் சொன்னார்: “முதல்ல பிள்ளைகிட்டக் கேட்டுட்டேன் ஐயா. பிறகுதான் உங்ககிட்டச் சொல்லுதேன்.”

இந்த வாரம் உங்கள் வீட்டில் ‘டிசைட் பண்ணியாச்சு’ என்ற வாக்கியம் பிறக்கும்போது, சற்று நில்லுங்கள். யார் தீர்மானித்தது என்று கேளுங்கள். யாருடைய வாழ்க்கையோ, அவருடைய வாயைக் கேட்டோமா என்று கேளுங்கள். முதியவரை ஊர் மாற்றும்போதும், பிள்ளையின் படிப்பை மாற்றும்போதும், நிலத்தை விற்கும்போதும், நோயாளிக்குச் சிகிச்சை முடிவு செய்யும்போதும் கேளுங்கள். ‘கர்த்தருடைய சித்தம்’ என்று சொல்லும் முன், ‘நான் தீர்மானித்தேன்’ என்று சொல்லத் துணிவிருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள்.

ஜெபம்: எங்களைத் தெரிந்துகொண்ட ஆண்டவரே, கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் போன எங்களை மன்னியும். எங்கள் வீடுகளில் மெல்லிய குரலுள்ளவர்களின் வாயைக் கேட்கும் செவியை எங்களுக்குத் தாரும். வெட்ட வேண்டியதை வெட்டும் துணிவையும், வெட்டியதற்குப் பொறுப்பேற்கும் உண்மையையும் தாரும். எங்கள் தீர்மானங்களால் காயப்பட்டவர்களை நீரே ஆற்றும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம் பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்,
சிவகிரி.